பட்டாம்பூச்சி ஏன் ஒரே செடியைத் தேடுது? சின்ன மூளையின் பெரிய கணக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை எடுத்துவிட்டு, படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

இன்னிக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம்.

ஒரு அபார்ட்மென்ட் பால்கனி. வரிசையா தொட்டிகள். ரோஜா, துளசி, கற்றாழை, மணி பிளான்ட், ஓரத்தில் ஒரு கறிவேப்பிலை. மஞ்சளும் கருப்புமா ஒரு எலுமிச்சை அழகி பட்டாம்பூச்சி உள்ளே வருது. ரோஜாவைக் கண்டுக்கல, துளசியைக் கண்டுக்கல. நேரா கறிவேப்பிலைக்குப் போகுது. முன்னங்காலால் இலையைத் தட்டிப் பார்க்குது. அதன் நாக்கு மாதிரி வேலை செய்யும் உணர்விகள் காலிலேயே இருக்கு. பிடிச்சுப் போச்சுன்னா முட்டை வைக்கும், கிளம்பிடும்.

அதோட பட்டியல் ரொம்பச் சின்னது. எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை, வில்வம் இப்படி ஒரே குடும்பத்துச் செடிகள். எருக்கஞ்செடியில் முட்டை வைக்கும் வெந்தய வரியனும் இதே மாதிரிதான், அதுக்கு எருக்கும் அதன் சொந்தக்காரச் செடிகளும்தான் வேணும். உலகத்தில் இலை தின்னும் பூச்சிகளில் பெரும்பாலானவை இப்படித்தான். சுற்றி நூறு வகைச் செடி இருந்தாலும், ஒரு குடும்பத்தைத் தாண்டிப் போகாது.

யோசிச்சுப் பாருங்க, இது கொஞ்சம் விசித்திரமா இல்ல? எல்லாத்தையும் சாப்பிடத் தெரிஞ்சவனுக்குத்தானே பட்டினி பயம் கம்மி? அப்படின்னா பரிணாமம் ஏன் திரும்பத் திரும்ப "ஒரே செடி போதும்" என்ற பக்கமே பூச்சிகளைத் தள்ளுது?

பழைய பதில்: விஷம்

இந்தக் கேள்விக்கு ரொம்ப காலமா ஒரு பதில் இருக்கு. 1964-ல் பால் எர்லிக், பீட்டர் ரேவன் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் பட்டாம்பூச்சிகளையும் செடிகளையும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். உயிரியல் படிக்கிறவர்கள் இன்றைக்கும் அதைப் படிக்கிறார்கள். சுருக்கமா அவர்கள் சொன்னது இதுதான். செடியால் ஓட முடியாது. அதனால் அது ரசாயனத்தால் சண்டை போடுது. கடுகில் ஒரு காரம், எருக்கில் ஒரு விஷப் பால், எலுமிச்சையில் ஒரு வாசனை எண்ணெய். ஏதோ ஒரு பூச்சி வம்சம் அந்த விஷத்தைச் செரிக்கக் கத்துக்கும். கத்துக்கிட்டதும் போட்டியே இல்லாத ஒரு மெஸ் கிடைச்ச மாதிரி, அங்கேயே தங்கிடும். செடி புது விஷம் தயாரிக்கும், பூச்சி புது மாற்று தயாரிக்கும். இரண்டும் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டே பரிணமிக்கும்.

இது நல்ல பதில். ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கு. பல வகைப் புழுக்களை ஆய்வகத்தில் வேறு செடியில் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். தாய் ஒருபோதும் முட்டை வைக்காத செடியில் கூடச் சில புழுக்கள் ஜம்முனு வளர்ந்திருக்கு. அதாவது, வயிறு ஓகே சொல்லுது. ஆனால் தாய்ப்பூச்சி அந்தப் பக்கமே போகல.

அப்போ தடை வயிற்றில் மட்டும் இல்லை. இன்னொரு இடத்திலும் இருக்கு. அது தலை.

மூளைக்கு வாடகை கட்டணும்

கொஞ்சம் எண்களைப் பார்ப்போம். மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள். தேனீயில் கிட்டத்தட்ட 10 லட்சம். வாழைப்பழத்தைச் சுற்றும் அந்தக் குட்டிப் பழ ஈ இருக்கே, அதன் மூளையின் முழு இணைப்பு வரைபடம் 2024-ல் வெளியானது. ஒரு பெண் ஈயின் மூளையில் எண்ணிப் பார்த்ததில் 1,39,255 செல்கள். மெகாஃப்ராக்மா என்று ஒரு குளவி இனம் இருக்கு. மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் நீளம், சில ஒற்றைச் செல் உயிரிகளை விடச் சின்னது. அதன் உடல் முழுக்கச் சேர்த்தே சுமார் 7,400 நரம்பு செல்கள்தான். அதிலும் பெரும்பாலான செல்களில் உட்கருவே கிடையாது. இடம் பத்தலைன்னு வீட்டுக் கதவைக் கழற்றி வைக்கிற மாதிரி, வளர்ந்து முடிக்கும்போது உட்கருவைக் கரைச்சுடுது. அதோட பறக்குது, இணை தேடுது, சரியான முட்டையைக் கண்டுபிடிச்சு அதுக்குள்ள தன் முட்டையை வைக்குது.

அதனால் "சின்ன மூளை, முட்டாள் பூச்சி"ன்னு நான் சொல்ல வரல. ஒவ்வொரு செல்லுக்கும் விலை இருக்கு என்பதுதான் விஷயம். நம்ம மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தியில் சுமார் 20 சதவீதத்தை அது சாப்பிடுது. பூச்சிக்கும் இதே கதைதான். ஜெரமி நிவென், சைமன் லாஃப்லின் குழுவினர் 2007-ல் நான்கு வகை ஈக்களின் கண் செல்களை அளந்து பார்த்தார்கள். பெரிய ஈயின் செல் ஒரு நொடிக்கு அதிகத் தகவல் அனுப்புது, உண்மைதான். ஆனால் ஒரே அளவு தகவலை அனுப்ப அது சின்ன ஈயின் செல்லை விட அதிக சக்தி எரிக்குது. இன்னும் மோசம், இருட்டில் எதையும் பார்க்காமல் சும்மா இருக்கும்போதும் அந்த மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கு. பெரிய வீடு எடுத்தா, ஊருக்குப் போனாலும் வாடகை கட்டணும் இல்லையா? அதே மாதிரி.

நினைவாற்றலுக்கும் பில் வரும். சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபோர்க் பல்கலைக்கழகத்தில் ஃப்ரெடெரிக் மெரி, டாடியுஷ் கவெக்கி இருவரும் பழ ஈக்களுக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு வாசனை வந்தா அதிர்ச்சி வரும் என்ற பாடம். சில ஈக்களுக்கு அது நீண்டகால நினைவாகப் பதியும் விதத்தில் இடைவெளி விட்டுப் பயிற்சி. பிறகு சாப்பாடும் தண்ணீரும் இல்லாமல் எல்லா ஈக்களையும் வைத்தார்கள். நீண்டகால நினைவை உருவாக்கிய ஈக்கள் மற்றவற்றை விடச் சீக்கிரம் செத்தன. 2005-ல் வந்த ஆய்வு இது. ஒரு விஷயத்தை ஞாபகம் வைச்சுக்கிட்டதுக்கு அந்த ஈ தன் ஆயுளில் சில மணி நேரத்தைக் கொடுத்திருக்கு.

இதே குழு இன்னொன்றும் காட்டியது. தலைமுறை தலைமுறையாக நன்றாகக் கற்கும் ஈக்களை மட்டும் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். கற்கும் திறன் கூடியது. ஆனால் உணவு பத்தாத இடத்தில், அந்தப் "படிப்பாளி" வம்சத்தின் புழுக்கள் சாதாரணப் புழுக்களோட போட்டியில் பின்தங்கின. புத்தி இலவசம் இல்லை. பரிணாமம் அதுக்கு விலை பார்த்துதான் வாங்குது.

முடிவெடுக்க எவ்வளவு நேரம்?

இப்போ கதையின் நாயகிக்கு வருவோம். எலிசபெத் பெர்னேஸ். ஆஸ்திரேலியாவில் பிறந்தவர், லண்டனில் வெட்டுக்கிளி ஆராய்ச்சி செய்தவர், பின்னாளில் அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். பூச்சி எப்படிச் சாப்பிடுது என்பதை ஆயிரக்கணக்கான மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர். அப்படிப் பார்த்ததிலிருந்துதான் அவருக்கு ஒரு சந்தேகம் வருது.

பூச்சிக்கு ஒரே நேரத்தில் கவனிக்க முடிந்தது கொஞ்சம்தான். ஒரு பசுமையான வெளியில் நூறு வாசனை, நூறு நிறம், நூறு வடிவம் ஒன்றாக வந்து மோதும். பட்டியலில் ஒரே செடி இருந்தால், "அந்த வாசனை வருதா, இல்லையா?" என்ற ஒரே கேள்வி போதும். பட்டியலில் இருபது செடி இருந்தால் இருபதையும் ஒப்பிட வேண்டும். ஓடிடி-ல என்ன பார்க்கலாம்னு அரை மணி நேரம் ஸ்க்ரோல் பண்ணிட்டு, கடைசியில் ஒண்ணும் பார்க்காம தூங்கிப் போற ஆளை நமக்கெல்லாம் தெரியும். நமக்கு அதில் போவது தூக்கம் மட்டும்தான். பூச்சிக்குப் போவது முட்டை. சில நேரம் உயிர்.

இது வெறும் ஊகமா இருந்தால் நான் எபிசோடே போட்டிருக்க மாட்டேன். பெர்னேஸ் சோதித்துப் பார்த்தார். அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அசுவினிச் சோதனை. 1999-ல் டேனியல் ஃபங்க் என்பவரோடு சேர்ந்து செய்தது.

அமெரிக்காவில் ஒரு அசுவினி இனம் இருக்கு. கிழக்குப் பகுதியில் வாழும் கூட்டம் கிட்டத்தட்ட ஜயண்ட் ராக்வீட் என்ற ஒரே செடியை நம்பி வாழுது. நம்ம ஊர் பார்த்தீனியத்துக்கு அது சொந்தக்காரச் செடி. அதே அசுவினி இனத்தின் தென்மேற்குக் கூட்டம் அந்தக் குடும்பத்தில் பல செடிகளைச் சாப்பிடும். ஒரே இனம், இரண்டு பழக்கம். இதை விட நியாயமான ஒப்பீடு கிடைக்காது. இரண்டு கூட்டத்தையும் ராக்வீட் செடியிலேயே விட்டார்கள். இரண்டுக்கும் அது பிடித்த செடிதான். ஒரே செடியை நம்பும் கூட்டம் சீக்கிரம் முடிவெடுத்தது, சீக்கிரம் உட்கார்ந்து உறிஞ்ச ஆரம்பித்தது. பல செடி தின்னும் கூட்டம் தயங்கியது, நடந்தது, மறுபடி சோதித்தது.

இன்னொரு சோதனை வெள்ளை ஈயை வைத்து. பருத்தி, தக்காளி, கத்தரி போடுகிற எந்த விவசாயியைக் கேட்டாலும் இதைத் திட்டாமல் பேச மாட்டார். நூற்றுக்கணக்கான செடி வகைகளில் வாழக்கூடிய பூச்சி. அதாவது, "எல்லாம் ஓகே" என்கிற ஆள். பெர்னேஸ் இதை ஒரே வகைச் செடிகள் இருக்கும் இடத்திலும், பல வகை கலந்து நிற்கும் இடத்திலும் விட்டுப் பார்த்தார். கலந்த இடத்தில், அத்தனையும் சாப்பிடக்கூடிய செடியாக இருந்தும், ஈக்கள் நிலைகொள்ளாமல் இடம் மாறிக்கொண்டே இருந்தன. முட்டை குறைந்தது. விருந்துக்கு நடுவில் நின்னுக்கிட்டு பட்டினி கிடக்கிற மாதிரி.

"கொஞ்சம் தாமதம் ஆனா என்ன?"ன்னு நீங்க கேட்கலாம். வெளியில் சிலந்தி இருக்கு, குளவி இருக்கு, பறவை இருக்கு. பெர்னேஸ் புழுக்களைக் கண்காணித்ததில், சும்மா அசையாமல் இருக்கும் நேரத்தை விடச் சாப்பிடும் நேரத்தில் வேட்டையாடப்படும் ஆபத்து பல மடங்கு அதிகம் என்று கண்டார். அசைந்தால் தெரிந்துவிடும். செடியில் கவனம் இருந்தால் எதிரியில் கவனம் இருக்காது. அதனால் தயங்கும் ஒவ்வொரு நிமிடமும் ஆபத்தான நிமிடம். சட்டென்று முடிவெடுக்கும் பூச்சிக்கு முட்டை அதிகம், ஆபத்து குறைவு. இந்தச் சின்ன வித்தியாசம் ஆயிரம் தலைமுறை கூடிக்கொண்டே போனால், பட்டியல் தானாகச் சுருங்கும். செடியின் விஷம் எதுவும் மாறாமலே இது நடக்கலாம். இதைத்தான் அவர் 2001-ல் ஒரு பெரிய ஆய்வுக் கட்டுரையில் தொகுத்து எழுதினார்.

நல்ல இலையா, வாடின இலையா?

வேகம் மட்டும் இல்லை, தரமும் இருக்கு. ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தின் நிக்லாஸ் யான்ஸ், சோரன் நூலின் இருவரும் 1997-ல் கேட்ட கேள்வி இது. ஒரு செடியை மட்டும் தேடும் பட்டாம்பூச்சி, அந்தச் செடியை இன்னும் நுணுக்கமாகப் பார்க்குமா?

அவர்கள் எடுத்துக்கொண்ட செடி நெட்டில். தொட்டால் அரிக்கும், நம்ம ஊர் காஞ்சொறி மாதிரி. நல்ல சத்தான நெட்டில், சத்து குறைந்த நெட்டில் என்று இரண்டையும் வைத்தார்கள். நெட்டிலை மட்டுமே நம்பும் பட்டாம்பூச்சி வகைகள் பொதுவாக நல்லதைத் தேர்ந்தெடுத்து முட்டை வைத்தன. பல செடிகளில் முட்டை வைக்கும் வகைகளுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தது.

இது நம்ம வாழ்க்கையிலும் பார்த்ததுதானே. முப்பது வருஷமா மீன் மட்டுமே விற்கிற அக்கா செவுளைப் பார்த்தே எப்போ பிடிச்ச மீன்னு சொல்லிடுவாங்க. எல்லாம் விற்கும் சூப்பர் மார்க்கெட் ஊழியரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. அகலம் வேணும்னா ஆழத்தைக் கொஞ்சம் விடணும். பூச்சியின் மூளையில் இந்தப் பேரம் இன்னும் கறாரா இருக்கு.

தேன் குடிக்கிற இடத்திலும் இதே பேரம்தான். தேனீ ஒரு பயணத்தில் பெரும்பாலும் ஒரே வகைப் பூவுக்கே போகும், நடுவில் வேறு நல்ல பூக்கள் இருந்தாலும். சார்ல்ஸ் டார்வின் 1876-ல் வந்த தன் புத்தகத்தில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரே பூவோடு இருந்தால் வேலை வேகமாக நடக்கும் என்பது அவர் கணிப்பு. நூறு வருஷத்துக்கு அப்புறம், 1986-ல் அல்சின்டா லூயிஸ் முட்டைக்கோஸ் வெள்ளைப் பட்டாம்பூச்சியை வைத்துச் சோதித்தார். ஒரு பூவில் தேன் எடுக்கக் கத்துக்கிட்ட பட்டாம்பூச்சிக்கு இரண்டாவது பூவைப் பழக்கினார். மறுபடி முதல் பூவுக்கு வந்தபோது அது தடுமாறியது. புதுப் பாடம் பழைய பாடத்தின் மேலே ஏறி உட்கார்ந்துவிட்டது. இந்தத் தடுமாற்றம் செடிக்கு லாபம். ஒரே பூவுக்குத் திரும்பத் திரும்பப் போனால்தான் மகரந்தம் சரியான பூவுக்குப் போய்ச் சேரும்.

குறுக்கு வழிகள்

மூளையைப் பெரிதாக்குவது செலவு. அப்போ பரிணாமம் என்ன செய்யும்? கேள்வியைச் சின்னதாக்கும்.

இதற்கு ஒரு அழகான உதாரணம் இரவில் பறக்கும் அந்துப்பூச்சியின் காது. நம் ஒரு காதில் ஒலியைப் பிடிக்கும் செல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கு. இந்த அந்துப்பூச்சிக் குடும்பத்துக்கு ஒரு காதில் இரண்டே இரண்டு செல். அமெரிக்க விஞ்ஞானி கென்னத் ரோடர் இதை விளக்கினார். வௌவால் தூரத்தில் கத்தினால் முதல் செல் துடிக்கும். பூச்சி எதிர்ப்பக்கம் திரும்பிப் பறக்கும். வௌவால் கிட்ட வந்துவிட்டால் சத்தம் கூடும், இரண்டாவது செல்லும் துடிக்கும். உடனே பூச்சி சுழன்று, தடாலென்று தரையை நோக்கி விழும். "அது என்ன வௌவால், எந்த இனம், என்ன ராகம்?" எதுவும் தேவையில்லை. தூரமா, பக்கமா? அவ்வளவுதான் கேள்வி. இன்னொரு அந்துப்பூச்சிக் குடும்பம் ஒரு காதுக்கு ஒரே செல்லை வைத்தே சமாளிக்குது.

பட்டுப்பூச்சியின் ஆணும் இப்படித்தான். பெண் வெளியிடும் பாம்பிகால் என்ற ஒரு வாசனைக்கென்றே அதன் மீசையில் உணர்விகள் அடர்த்தியாக இருக்கு. உலகத்தின் மற்ற வாசனைகளில் பெரும்பாலானவை மூளை வரை வந்து தொந்தரவு செய்வதே இல்லை. மூளை செய்ய வேண்டிய வடிகட்டும் வேலையை வாசலிலேயே மீசை முடிச்சுடுது.

இன்னொரு திருப்பமும் இருக்கு. பூச்சியை வடிவமைப்பது அதன் மூளையின் எல்லை மட்டும் இல்லை, அதைத் தின்னும் பறவையின் மூளையின் எல்லையும்தான். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் ஆலன் பாண்ட், ஆலன் காமில் இருவரும் புளூ ஜே பறவைகளுக்கு ஒரு வீடியோ கேம் வைத்தார்கள். திரையில் டிஜிட்டல் அந்துப்பூச்சிகள். கண்டுபிடித்துக் கொத்தினால் தீனி. கண்ணில் படாமல் தப்பித்தவை அடுத்த தலைமுறைக்குக் குட்டி போடும். தலைமுறைகள் போகப் போக, பூச்சிகள் மறைவதில் கெட்டிக்காரர்கள் ஆனதோடு, ஒன்றுக்கொன்று வித்தியாசமாகவும் மாறின. காரணம், பறவையால் ஒரே நேரத்தில் ஒரு சில தோற்றங்களைத்தான் மனதில் வைத்துத் தேட முடியும். அந்தத் தோற்றத்தில் இல்லாதவன் பிழைச்சான். ஒரு பறவையின் கவனக் குறைவு, பூச்சியின் சிறகில் ஓவியமா வந்து நிக்குது.

எல்லாத்தையும் இதுவே விளக்கிடுமா?

இல்லை. இதை நான் அழுத்திச் சொல்லணும். ரசாயனச் சண்டை உண்மை. எதிரி இல்லாத செடியில் ஒதுங்குவது உண்மை. ஒரு பூச்சியின் பட்டியல் சுருங்க இவை எல்லாம் சேர்ந்து காரணமாக இருக்கலாம். பாலைவன வெட்டுக்கிளி கிடைத்ததை எல்லாம் தின்னும். பச்சைக் காய்ப்புழு என்று விவசாயிகள் சொல்கிற புழு பருத்தி, கொண்டைக்கடலை, தக்காளி என்று தாவித் தாவி நாட்டுக்கே நஷ்டம் தருது. எல்லாம் தின்பவர்களும் ஜெயிக்கிறார்கள். முக்கியமாக, நிலையில்லாத இடங்களில், நாளைக்கு எந்தச் செடி இருக்கும்னே தெரியாத இடங்களில்.

மூளையின் எல்லை ஒரு விதி இல்லை, ஒரு விலை. சில இடங்களில் அந்த விலையைக் கொடுக்கலாம், சில இடங்களில் கட்டுப்படி ஆகாது.

வெள்ளை ஈச் சோதனையைக் கேட்டதும் "அப்போ கலப்புப் பயிர் போட்டா பூச்சி குழம்புமா?"ன்னு சிலருக்குத் தோணியிருக்கும். கலப்புப் பயிரில் சில பூச்சிகள் குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கு. அதில் பூச்சியின் குழப்பத்துக்கும் ஒரு பங்கு இருக்கலாம். பூச்சிகளைத் தின்னும் பூச்சிகள் அங்கே அதிகம் இருப்பது போன்ற வேறு காரணங்களும் உண்டு. ஆனால் எல்லாப் பயிருக்கும், எல்லாப் பூச்சிக்கும் பொருந்தும் மந்திரம் இல்லை.

குறுக்கு வழி பொறியாகும்போது

இதுவரை சொன்னதில் பூச்சி புத்திசாலித்தனமாகச் சிக்கனம் செய்யுது. இனி சொல்லப் போவதுதான் எனக்குக் கவலை தரும் பகுதி.

குறுக்கு வழி எப்போது வேலை செய்யும்? உலகம் பழைய உலகமாக இருக்கும் வரை.

மேற்கு ஆஸ்திரேலியாவில் பெரிய பழுப்பு நிறப் பொன்வண்டு ஒன்று இருக்கு. நாம தீப்பெட்டியில் வைச்சு வளர்த்த பொன்வண்டின் தூரத்து உறவு. ஆண் வண்டின் விதி எளிமையானது: பெரிதா, பழுப்பா, பளபளப்பா, மேலே சின்னச் சின்னப் புள்ளி மேடுகள் இருந்தால் அது பெண். லட்சக்கணக்கான வருஷம் இந்த விதி தப்பவே இல்லை. பிறகு மனிதர்கள் பியர் பாட்டிலைச் சாலையோரம் வீசினார்கள். பெரிது, பழுப்பு, பளபளப்பு, அடியில் புள்ளி மேடுகள். டாரில் குவின், டேவிட் ரென்ட்ஸ் இருவரும் 1983-ல் பதிவு செய்தார்கள்: ஆண் வண்டுகள் பாட்டிலோடு இணைசேர முயன்று, விடாமல் அதிலேயே கிடந்தன. எறும்புகள் வந்து கடித்தபோதும் விடவில்லை. இந்த ஆய்வுக்கு 2011-ல் இக் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்க வைத்து, பிறகு யோசிக்க வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் பரிசு அது. இது ரொம்பப் பொருத்தம்.

மேஃப்ளை என்ற பூச்சி தண்ணீரில்தான் முட்டையிடும். தண்ணீரை அது எப்படிக் கண்டுபிடிக்குது? நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி ஒரு குறிப்பிட்ட தளத்தில் முனைவாக்கம் அடைந்திருக்கும். அந்த ஒளி வந்தால் தண்ணீர். ஒரே கேள்வி, ஒரே பதில். ஹங்கேரி விஞ்ஞானிகள் 1998-ல் காட்டினார்கள்: காய்ந்த தார்ச்சாலையும் அதே மாதிரி ஒளியைத் திருப்பி அனுப்புது, சில நேரம் தண்ணீரை விட அழுத்தமாக. மேஃப்ளைகள் கூட்டம் கூட்டமாகத் தாரில் முட்டை வைத்தன. ஒன்றும் பொரியாது.

மூன்றாவது, செடிக் கதை. வட அமெரிக்காவில் ஒரு வெள்ளைப் பட்டாம்பூச்சி கடுகுக் குடும்பத்தின் உள்ளூர்ச் செடிகளில் முட்டை வைக்கும். அதன் விதி, கடுகின் ரசாயனக் குறி இருந்தால் வை. ஐரோப்பாவிலிருந்து மனிதர்கள் கொண்டுவந்த கார்லிக் மஸ்டர்ட் என்ற செடி இப்போது அந்தக் காடுகளில் பரவியிருக்கு. அதிலும் கடுகின் குறி இருக்கு. தாய் முட்டை வைக்குது. புழு பொரிச்சு, தின்னு, செத்துப்போகுது. தாயின் கணக்கு சரிதான், ஆனா கேள்வித்தாளை யாரோ மாத்திட்டாங்க.

அந்த "யாரோ" யார்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

நாம ஒரு ஊரில் செடிகளை மாத்தும்போது, வெளிச்சத்தை மாத்தும்போது, குப்பையை வீசும்போது, பூச்சியின் கையில் இருக்கும் ஒரே கேள்விக்குத் தவறான விடையைக் கொடுக்கிறோம். நமக்கு மூளை பெருசு, "அட, இது பாட்டில்டா"ன்னு திருத்திக்கலாம். அதுக்கு அந்தத் திருத்தம் ஒரு ஜென்மத்தில் நடக்காது. பல தலைமுறை ஆகணும், அதற்குள் கூட்டம் மிச்சம் இருக்கணும்.

எப்போதும் சோகமாகவே முடியும்னும் இல்லை. அமெரிக்காவில் ஹாதார்ன் என்ற காட்டுச் செடியின் பழத்தில் வாழ்ந்த ஒரு ஈ, மனிதர்கள் ஆப்பிள் தோட்டம் போட்ட பிறகு, 1800-களில் ஆப்பிளுக்கு மாறியது. இன்றைக்கு ஆப்பிள் ஈக்கு ஆப்பிள் வாசனை பிடிக்கும், ஹாதார்ன் வாசனையைத் தவிர்க்கும். ஹாதார்ன் ஈக்கு நேர் எதிர். இவை இணைசேர்வதும் அவரவர் பழத்தின் மேலேயே. மூக்கு பிரிந்ததால் குடும்பமே இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கு. புது இனம் ஒன்று பிறக்கும் வழியில் இருக்குன்னு சொல்றாங்க. ஒரு பூச்சியின் "எனக்கு இது மட்டும் போதும்" என்ற முடிவிலிருந்து அது தொடங்கியது.

பட்டாம்பூச்சி வரணும்னு நிறைய பேர் கலர் கலராப் பூச்செடி வாங்கி வைப்பாங்க. பூ, வந்துபோகிற பெரியவர்களுக்கான டீக்கடை. குடும்பம் நடத்த வீடு வேணும். அந்த வீடு எலுமிச்சையாக, கறிவேப்பிலையாக, காலி மனையில் யாரும் மதிக்காத எருக்காக இருக்கும். "இங்கே செடி எவ்வளவோ இருக்கே, வேற எதிலாவது வைச்சுக்கட்டும்"னு சொல்ல முடியாது. வேற எதிலும் அது வைக்காது. அந்தச் சின்னத் தலைக்குள்ள இருக்கிற பட்டியல் அவ்வளவுதான். அதனால் கறிவேப்பிலையில் நாலு இலை ஓட்டையா இருந்தா, மருந்து அடிக்கறதுக்கு முன்னாடி இலையைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க. பறவை எச்சம் மாதிரி ஒண்ணு ஒட்டியிருந்தா, அது எச்சம் இல்லை. எலுமிச்சை அழகியின் குட்டிப் புழு. பறவையின் கண்ணை ஏமாத்த அதுக்குத் தெரிஞ்ச வேஷம் அது.

உங்க ஏரியாவில் எந்தப் பட்டாம்பூச்சி எந்தச் செடியில் முட்டை வைக்குதுன்னு பார்த்து எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.